எல்லாப் பாடமும் கட்டாயம்

தகவல் தொழில்நுட்ப முதுகலைக்குப் புதிய பாடத்திட்டம் வகுக்கப் பல்கலைக்கழகத்தில் குழு கூடியது. தலைவர் முனைவர் அரங்கநாயகம், தற்காலிக விரிவுரையாளர் பொற்கொடியை நோக்கி விரலை நீட்டினார்.

“இதோ பாரும்மா, இணையப் பாதுகாப்பும் செயற்கை நுண்ணறிவும் புதிதாகச் சேர வேண்டும். எங்கள் பழைய பாடம் ஒன்றும் போகக்கூடாது. எல்லாம் கட்டாயப் பாடம். வகுப்பு நேரமும் கூடக்கூடாது. நாளைக்குள் முடியாவிட்டால் உன் பணி நீட்டிப்பை மறந்துவிடு.”

பேராசிரியர்கள் சிரித்தனர். அத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. பாடம் பேராசிரியரின் பெயரில் இருக்கும். வகுப்பெடுப்பவரோ பொற்கொடியைப் போன்ற தற்காலிக விரிவுரையாளராக இருப்பார்.

மறுநாள் கூட்டத்தில் பொற்கொடி எழுந்து நின்றார். “எல்லாப் பாடமும் கட்டாயம், ஐயா. ஒரே விதிதான்: பாடம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே அதை நடத்த வேண்டும். எங்களை அனுப்பக்கூடாது.”

“இவ்வளவுதானா? முதலில் என் பாடத்தை எழுது!” என்றார் தலைவர்.

“நன்றி ஐயா. திங்கட்கிழமை காலை, முதல் வகுப்பு உங்களுடையது.”

“திங்களா? அன்று கூட்டம் இருக்குமே.”

“செவ்வாய்?”

அரங்கநாயகம் தொண்டையைச் செருமினார். “யோசித்துப் பார்த்தால், என் பாடம் கொஞ்சம் பழையதுதான். எடுத்துவிடலாம்.”

தலைவரே நழுவியதும், “என்னுடையதையும் எடுத்துவிடுங்கள்” என்று நாற்புறமும் குரல்கள் எழுந்தன. தேநீர் ஆறுவதற்குள் புதிய பாடங்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்துவிட்டது.

“சரி, அவற்றை யார் நடத்துவது?” என்றார் தலைவர்.

பேராசிரியர்கள் அவசரமாகத் தேநீர்க் கோப்பைகளைக் கையிலெடுத்தனர்.

“நான் நடத்துகிறேன், ஐயா. வேலையில் இருந்தால்.”

அரங்கநாயகம் பணி நீட்டிப்புக் கடிதத்தை இழுத்துவைத்துப் பேனாவைத் திறந்தார்.