முப்பத்தோராவது நகர்த்தல்

ஸ்டெல்லா அக்காவிடம் சதுரங்கம் படித்தவர்களில் இரண்டு பேர் பெரிய ஆட்டக்காரர்களாக வருவார்கள் என்று தூத்துக்குடியில் பேசிக்கொண்டார்கள். ஒருவன் வளவன், இன்னொருவன் நைனா. வளவன் கிராண்ட்மாஸ்டர் ஆனான். நைனா இப்போது மாமாவின் கடையில் கண்ணாடி வெட்டுகிறான்.

அக்கா இவர்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். மாநிலப் போட்டிகளில் தானும் ஆடிக்கொண்டே சொல்லிக் கொடுத்தவர். ஆறுதல் வார்த்தை அவர் வாயில் சுலபத்தில் வராது. அது தெரிந்தும் ஒரு மதியம் வளவன் அவரைத் தேடி வந்தான்.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. சமமான நிலை வந்தா மேல ஆட முடியல. எதிராளி டிரா கேட்டா உடனே கையை நீட்டிடறேன். போன வாரம் ஜெயிக்கிற ஆட்டத்துலகூட நீட்டிட்டேன். அடுத்த மாசம் இந்திய அணிக்கு ஆள் எடுக்கறாங்க. இப்படியே போனா என் பேரு இருக்காது."

"எப்ப இருந்து?"

"தெரியல."

அக்கா பலகையை இழுத்து வைத்துக் காய்களை அடுக்கினார். ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு யானை, நான்கு சிப்பாய். கடைசிச் சிப்பாயை அவர் வைப்பதற்குள் வளவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இதை எதுக்குக்கா வைக்கிறீங்க?"

"யாரு ஆட்டம்?"

"நானும் நைனாவும். எட்டு வருஷம் ஆச்சு. கடைசிச் சுற்று. நைனா முப்பத்தோராவது நகர்த்தலை ஆடிட்டு டிரா கேட்டான்."

அன்று நைனாவுக்கு அந்த டிரா போதும். அரைப் புள்ளி கிடைத்தால் அவனும் கிராண்ட்மாஸ்டர். வளவனுக்கோ முதல் பரிசு ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. நிலையும் சமம். அப்படிப்பட்ட இடத்தில் யாரும் கைகுலுக்கி எழுந்துவிடுவார்கள். வளவன் எழவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தினான். எழுபத்து நான்காவது நகர்த்தலில் நைனா தோற்றான்.

"ஏன் வேண்டாம்னே?" என்றார் அக்கா.

"என் ரேட்டிங் ரெண்டாயிரத்து அறுநூறைத் தொட ஒரு வெற்றி தேவைப்பட்டுச்சு."

"அது ஆசை. பலகையில என்ன பாத்தே?"

வளவன் ஒரு சிப்பாயைத் தொட்டான். தொட்டதும் கையை எடுத்துக்கொண்டான்.

"ஒண்ணும் பாக்கலக்கா."

அக்கா காத்திருந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே அறையிலதான் தங்கியிருந்தோம். முந்தின நாள்லேருந்து அவனுக்குக் காய்ச்சல். நான்தான் மாத்திரை வாங்கிக் குடுத்தேன். ஆறு மணி நேரம் அவனால உக்கார முடியாதுன்னு எனக்குத் தெரியும். அது ஒண்ணுதான் தெரியும்."

அக்கா தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இது தப்பாக்கா?"

"இல்ல. காய்ச்சலோட வந்து உக்காந்தது அவன். ஆடறதும் விடறதும் உன் இஷ்டம். நான் உன் இடத்துல இருந்தாலும் ஆடியிருப்பேன்."

வளவன் நிமிர்ந்து பார்த்தான். எட்டு வருடமாகச் சுமந்தது இறங்கிவிட்டதாக ஒரு கணம் நினைத்திருப்பான், பாவம்.

"ஆட்டம் எத்தனை மணிக்கு முடிஞ்சுது?" என்றார் அக்கா.

"சாயங்காலம் நாலரை."

"அப்புறம்?"

ஆட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் தோற்றவனும் ஜெயித்தவனும் பக்கத்து அறைக்குப் போவார்கள். அங்கே கடிகாரம் கிடையாது. ஒரே பலகையில் அந்த ஆட்டத்தை முதலிலிருந்து திரும்ப வைத்துப் பார்ப்பார்கள். எங்கே பயந்தேன், எதைக் கவனிக்காமல் விட்டேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அதுவரை எதிராளியிடம் மறைத்ததையெல்லாம் அங்கே மறைக்க மாட்டார்கள். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர்களும் இதைச் செய்கிறார்கள்.

"நான் போகல," என்றான் வளவன். "ரயிலுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டேன்."

"எத்தனை மணிக்கு ரயில்?"

வளவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ராத்திரி பத்தரைக்கு."

"அவனைப் பாத்தியா?"

"போறப்போ அந்த அறை ஜன்னல் வழியா பாத்தேன். காயெல்லாம் அடுக்கி வெச்சிட்டு வாசலைப் பாத்து உக்காந்திருந்தான். சண்டைக்கு இருக்கான்னு நெனச்சேன். இல்லன்னா அழுவான்னு நெனச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்தான் எடுத்திருந்தோம். அவன் ரயிலுக்கு வரல. எதிர் பெர்த் காலியாவே வந்துச்சு."

"அவன் எதுக்கு உக்காந்திருந்தான்னு இப்பவாச்சும் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கு எப்படிக்கா இந்த நிலை தெரியும்?"

"அடுத்த வாரம் நைனா என்கிட்ட வந்தான். ஆட்டம் எழுதின தாளைக் கையிலேயே வெச்சிருந்தான். உன்னைத் திட்டுவான்னுதான் நானும் நெனச்சேன். திட்டல. இதே நிலையை வெச்சான். 'நான் டிரா கேட்டப்போ வளவன் எதைப் பாத்துட்டு வேண்டாம்னான்'னு கேட்டான். 'எவ்வளவு தேடியும் எனக்குத் தெரியலக்கா. அவன் கண்ணுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலன்னா, இந்த ஆட்டத்துக்கு நான் ஆளில்ல'ன்னான்."

கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாள் நானும் தேடினேன்," என்றார் அக்கா. "எனக்கும் ஒண்ணும் கிடைக்கல. 'அங்க ஒண்ணும் இல்லடா'ன்னு நான் சொல்லியிருக்கலாம். ஆனா நீ கிராண்ட்மாஸ்டர். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நானும்தான் நம்பினேன்."

"நீங்க அவன்கிட்ட என்னதான்க்கா சொன்னீங்க?"

அக்கா காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார். வெள்ளை ராஜா மட்டும் கையில் நின்றது.

"'வளவன்கிட்டயே கேளு'ன்னேன். 'கேக்கத்தான்க்கா அன்னைக்குக் காய் அடுக்கி வெச்சு உக்காந்திருந்தேன்'னான்."