இருவாச்சி வீட்டு மண் கதவு

இருவாச்சிப் பறவைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆனதும் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய்விடும். வாசலை மண் குழைத்து அடைத்துவிடுவார்கள். ஓர் அலகு நுழையும் அளவுக்குத்தான் துளை இருக்கும். குஞ்சுகள் வளரும்வரை ஆண் பறவை அந்தத் துளை வழியாகப் பழம் ஊட்ட வேண்டும்.

அந்தச் சோலைக்காட்டில் கல்யாணம் என்றால் காடே திரண்டுவிடும். ஆளுக்கு ஒரு வாய் மண் கொண்டுவந்து வாசலில் அப்புவார்கள். துளையருகே போய்த் தங்கள் பெயரை மணப்பெண்ணிடம் சொல்வார்கள். அப்புறம்தான் சாப்பாடு.

மருதன் என்ற இருவாச்சிக்கு இதெல்லாம் வீண் வேலையாகத் தெரிந்தது.

"கல்யாணம் எனக்கும் அரும்புக்கும்! நடுவுல இவங்க எதுக்கு மண்ணைத் தூக்கிக்கிட்டு வரணும்?"

"நான் அடுத்த மலையிலேர்ந்து வந்தவ. இங்க எனக்கு யாரையும் தெரியாதே" என்றாள் அரும்பு.

"கூப்பிட்டா பழம் புளிக்குதுன்னு நொட்டை சொல்லுவாங்க! எனக்கு அலகு இல்லையா?"

தானே மண் குழைத்தான், தானே அடைத்தான். சாவு வீட்டுக்கும் அவன் போகமாட்டான். பக்கத்து மரத்து வெள்ளையம்மாவின் கணவர் இறந்தபோது, "நான் அழுதா அவர் எழுந்து பறக்கப் போறாரா?" என்று கேட்டுவிட்டு அத்திப்பழம் பறிக்கப் போய்விட்டான். ஆள் கெட்டவனில்லை. கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

பொந்துக்குள் இரண்டு குஞ்சுகள் பொரித்தன. ஒருநாள் காலை வீசிய காற்றில் காய்ந்த கிளை ஒன்று முறிந்து மருதன்மேல் விழுந்தது. இறக்கை ஒடிந்து, வீட்டுக்கு வெகுதூரத்தில் ஒரு புதரடியில் கிடந்தான்.

மலையணில் அவனைப் பார்த்துவிட்டு ஓடிவந்தது.

"அண்ணே, என் வீட்டுக்காரி பட்டினி கிடப்பா! குஞ்சுங்களும்தான்!" என்றான் மருதன்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? எப்போ?"

மருதன் தலையைக் குனிந்துகொண்டு மரத்தின் அடையாளத்தைச் சொன்னான். அணில் பழத்தோடு ஓடியது. சற்று நேரத்தில் அதே பழத்தோடு திரும்பி வந்தது.

"துளைப் பக்கமே வரமாட்டேங்கறா! 'அணில்னு சொல்லிக்கிட்டு மரநாய் வந்தாலும் வரும், போ'ன்னு விரட்டுறா. அவமேல தப்பில்லை. என் குரலை அவ எங்க கேட்டிருக்கா?"

மருதன் விம்மி அழுதான். செய்தி காடெங்கும் பரவியது. கருங்குரங்குகள் கொடிகளைப் பின்னி, அதில் அவனைக் கிடத்தித் தூக்கிப்போய் அரும்பு இருந்த மரத்தடியில் இறக்கின. அங்கே பழத்தோடு முதலில் வந்து நின்றவள் வெள்ளையம்மா.

"அக்கா! உங்க வீட்டுச் சாவுக்கு நான் வரலையே..."

"தெரியும் தம்பி. மத்தவங்க வந்தாங்க. பதினாறு நாளும் பக்கத்துல உட்கார்ந்து ஊட்டிவிட்டாங்க. இல்லேன்னா எனக்கு இன்னிக்குப் பறக்க ஏது தெம்பு? அழுதது போதும், அவளைக் கூப்பிடு!"

"அரும்பு! நான் கீழதான் இருக்கேன்! வந்திருக்கிறவங்க நம்ம ஆளுங்க!" என்று மருதன் கத்தினான்.

வெள்ளையம்மா துளையருகே தன் பெயரைச் சொன்னாள். அணிலும் சொன்னது. குரங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் சொன்னதில் ஒரு பெயரும் விளங்கவில்லை. உள்ளே குஞ்சுகள் கீச்சிட்டன. மெல்ல ஓர் அலகு வெளியே நீண்டது. வெள்ளையம்மா அதில் பழத்தை வைத்தாள். மருதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பழத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டு அரும்பு உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "பிள்ளை பொறந்தப்புறம்தான் எங்க கல்யாணத்துக்கு ஆள் வருது! எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க!"

காடே சிரித்தது.

நாம் விழுந்து கிடக்கும் நாளில் நம் வாசலுக்கு வருகிறவர் அந்நியராக இருக்கக் கூடாது என்றுதான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊர் கூடுகிறது.