நேற்று வைத்த குழம்பு

பட்டணத்தில் எங்கே மீன் சாப்பிடலாம் என்று லட்சம் பேருக்கு யூடியூபில் வழிகாட்டுகிற தயாபரன், ராயபுரம் பர்னபாஸ் மெஸ்ஸுக்குள் கேமராக்காரரோடு நுழைந்தார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கடையில் ஈதான் மொய்க்கும்.

நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, கொதித்த மீன் குழம்பைப் புகழ்ந்தவர், பக்கத்தில் மூடிவைத்திருந்த சட்டியைப் பார்த்துவிட்டார்.

"இது எப்ப வெச்சது?"

"நே... நேத்து சார்." முதலாளி பர்னபாஸுக்கு வேர்த்துக் கொட்டியது.

"பழசையா ஜனங்களுக்குப் போடுற? இன்னையோட உன் கடையை மூட வைக்கிறேன் பார்!"

பரிமாறுகிற லூர்துமேரி முன்னால் வந்தாள். "மோந்து பார்த்தே பழசைக் கண்டுபிடிப்பேன்னு சொல்வீங்களே சார். ரெண்டுலயும் ஒவ்வொரு கிண்ணம் தரேன். பழசை நீங்களே ஒதுக்குங்க, சாக்கடையில கொட்டிடுறேன்."

கேமராக்காரரை மட்டும் கூட்டிக்கொண்டு உள்ளே போனவள், இரண்டு கிண்ணங்களிலும் ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தாள்.

முதல் கிண்ணத்தில் ஒரு வாய் வைத்ததுமே தயாபரன் முகம் சுளித்தார். "புளி தனியா நிக்குது, மீன்ல உப்பே ஏறல. இதான் பழசு, கொட்டு!"

பர்னபாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாவதைத் தயாபரன் இட்லியால் துடைத்துத் துடைத்துத் தின்றார். "இதான்யா குழம்பு!"

"எதை எந்தச் சட்டியிலேர்ந்து மொண்டேன்னு கேமராவுல ஊரே பார்த்துச்சு சார்," என்றாள் லூர்துமேரி. "நீங்க தள்ளினது இப்ப அடுப்புல கொதிச்சது. கையில இருக்கிறதுதான் நேத்து வெச்சது. கொடுங்க, கொட்டிடுறேன்."

தயாபரன் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.