சிங்கம் இல்லாத ரூபாய்

முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர் ஞானதிரவியம். ஓய்வு பெற்ற பிறகு வியாழக்கிழமை தவறாமல் மேலப்பாளையத்தில் மைமூன் பீவியின் பழைய காசுக் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். மைமூன் அவரைவிடப் பதினெட்டு வயசு இளையவள். ஆனாலும் காசு விஷயத்தில் அவள் ஒன்று சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

புழக்கத்தில் கிடக்கிற காசில் எது அச்சடிக்கும்போதே பிசகியது, எது மனுசன் கையில் பட்டுக் கெட்டது என்று பிரித்துச் சொல்வாள். பிசகின காசுக்கு விலை உண்டு. கெட்ட காசுக்குக் கிடையாது.

அன்றைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு அவரைக் கேட்டாள்.

"இது?"

"ரயில் தண்டவாளத்துல வச்சு நசுக்குனது."

"இது?"

"சாக்கடையில கெடந்து கறுத்தது."

"இது?"

"புளி போட்டு வெளக்கியிருக்கான். எந்தப் பாவி செஞ்ச வேலையோ."

"எம் மாமியா செஞ்ச வேலை. சத்தமாச் சொல்லாதிய, உள்ளதான் இருக்கா."

வேறு நாளாக இருந்தால் குலுங்கிச் சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய டிக்கெட் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு ரூபாய்க் காசை அவள் முன்னால் வைத்தார். ஒரு பக்கம் கதிரும் எண்ணும் சரியாக இருந்தன. சிங்கம் இருக்க வேண்டிய பக்கம் மொழுக்கென்று இருந்தது.

"இது தேச்ச காசுதானேம்மா?"

"எங்க கெடச்சுது, அண்ணாச்சி?"

பொட்டலக் காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்.

"தொண்ணூத்தி நாலுல. பேட்டை வண்டி. வெடிஞ்சும் வெடியாத நேரம். இட்லிச் சட்டியோட ஒரு பொம்பள ஏறுனா. இந்தக் காசக் குடுத்தா. செல்லாக் காசு வந்தா டிப்போல எங்க சம்பளத்துலதான் பிடிப்பான். 'ஏ பிள்ள, சிங்கத்த எங்க, வீட்டுல கட்டிப் போட்டுட்டு வந்துட்டியா'ன்னு கேட்டேன். வண்டியே சிரிச்சுது."

"அவ என்ன சொன்னா?"

"கடையில மீதியாக் குடுத்தது ஐயா, நான் ஒண்ணும் செய்யலன்னா. வேற காசும் அவகிட்ட இல்ல. பாதி வழியில விசிலக் குடுத்து எறக்கிட்டேன். டிப்போல காட்டணும்னு காச மட்டும் வச்சுக்கிட்டேன். சட்டியில ஆவி வந்துக்கிட்டே இருந்துது. பொறவு அவ என் வண்டியில ஏறவே இல்ல. நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

மைமூன் பூதக்கண்ணாடியையும் தராசையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே பாருங்க."

ஒரு வருஷமாக வியாழன்தோறும் அவர் படித்த படிப்பெல்லாம் இதற்குத்தான். கல்லில் உரசின கோடு தெரிகிறதா என்று பார்த்தார். இல்லை. ஓரம் ஒரு பக்கம் மெலிந்திருக்கிறதா என்று திருப்பினார். இல்லை. அதே வருஷத்துத் தேயாத காசு ஒன்றை ஒரு தட்டிலும் இதை மறு தட்டிலும் வைத்தார். முள் நடுவில் நின்றது. தட்டை விரலால் சுண்டிவிட்டார். ஆடி ஆடித் திரும்பவும் நடுவிலேயே வந்து நின்றது.

"ஆசிடு கீசிடு ஊத்தியிருப்பாளோ?"

"ஊத்துனா எடை கொறையுமே, அண்ணாச்சி. அச்சுல ரெண்டு தகடு ஒண்ணா மாட்டிக்கிட்டா இப்பிடித்தான் விழும். தகட்டுக்கு ஒரு பக்கந்தான் படம். மத்தது வெறும் பக்கம். இது நல்ல காசு. செல்லுற காசு."

"அப்போ அவ சொன்னது..."

"நெசம்."

வெளியே யாரோ வெங்காயம் கூவிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனை தாண்டும் வரைக்கும் ஞானதிரவியம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தக் காசானாலும் கடைசியில் அதன் நிலைமையை, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது மைமூன் கடைச் சட்டம்.

"நெலமை சொல்லலியே நீங்க," என்றாள்.

அவர் காசை மறுபடி கண்ணாடிக்கு அடியில் பிடித்தார்.

"ஒரு கீறல் இல்ல. நேத்து அடிச்சது மாதிரி இருக்கு. இத்தன வருஷத்துக் காசு எப்பிடிம்மா தேயாம இருக்கு?"

"தேயணும்னா நாலு பேரு கைக்குப் போகணும், அண்ணாச்சி. இத நீங்க போகவிடலியே."