திரும்ப வளர்ந்த ஈரல்

"சாமி, அந்தக் கடவுளுக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?"

கேட்டவர் கோமதிநாயகம். சாமியின் சீடர், மடத்துக்குச் சமையலும் அவர்தான். கையில் கரண்டி, கண்ணில் தண்ணீர்.

கேட்காமல் என்ன செய்வார், பாவம்! குடலில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவி, போன வருஷம்தான் ஈரலில் ஒரு பெரும் பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஈரலும் சமர்த்தாகத் திரும்ப வளர்ந்துவிட்டது. இப்போது அதில் மறுபடியும் கட்டி.

"டாக்டர் என்ன சொன்னாரு, அண்ணாச்சி?" சாமி இவரைவிட வயதில் சின்னவர்.

"இன்னொரு தடவை வெட்டலாமாம். ஆனா போன தடவை வெட்டுன இடமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்காம். பிரிச்சு எடுக்கதே பெரும்பாடாம். திங்கக்கிழமை வந்து படுக்கச் சொல்லிட்டாரு. பொழைச்சு வந்ததுலேர்ந்து இந்த மடத்துக்கு மாடா உழைச்சேனே சாமி, அதுக்கு இதானா?"

சாமி அடுப்பில் கொதிக்கும் சாம்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவை ஆஸ்பத்திரிக்குக் கெளம்பும்போது எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

கோமதிநாயகத்துக்கு முகம் விழுந்துவிட்டது.

பிழைத்து வந்தால் முதல் வேலையாக மகள் வடிவைப் போய்ப் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தார். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அவர் தலைமுழுகிய மகள். எங்கோ கண்காணாத சீமையிலா இருக்கிறாள்? இந்தா இருக்கிற தென்காசியில். பிழைத்து வந்த மனுஷன் பஸ் ஏறவில்லை. நேரே மடத்துக்கு வந்து கரண்டியைப் பிடித்தவர்தான்.

"அடுப்பை விட்டு நகர முடியலையே, சாமி..." என்று இழுத்தார். பிறகு தானே தலையில் அடித்துக்கொண்டார்.

"பொய்யி சாமி, அம்புட்டும் பொய்யி. அவ மொகத்துல முழிக்கப் பயம். சேவை சேவைன்னு சொல்லிக்கிட்டு இங்க வந்து ஒளிஞ்சு கெடந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா? பொறவு ஏன் சாமி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

சாமி சாம்பாரிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"உங்க சமையல் ருசியா இருந்துச்சு, அண்ணாச்சி. போகச் சொன்னா நாளைக்கு யாரு சமைப்பான்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

சாம்பார் பாதி வேக்காட்டில் இருந்தது. சாமி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினார்.

"கெளம்புங்க."

"அவ கதவைத் தெறக்க மாட்டா, சாமி."

"தெறக்குற வரைக்கும் வாசல்ல நிப்போம். நானும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."