ப்ளீஸ் இல்லாத ஊர்

சூசைப்பிள்ளை தன் மனைவி பிலோமினாவை உயிரோடு கடைசியாகப் பார்த்த அன்று அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த டென்மார்க்காரத் தாதியைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இல்லாமலே போயிருக்கும். அதைக் கெடுத்து வைத்திருந்தவர் சூசைப்பிள்ளைதான். அதைச் சரிப்படுத்த அவருக்கு வழி காட்டியவள் உல்லா.

*

உல்லாவிடம் அவர் முதன்முதலாகக் கொண்டுபோனது ஒரு முறைப்பாடு.

"உங்கள் டேனிஷ் பாஷையில் 'ப்ளீஸ்' என்பதற்குச் சொல் இல்லை."

"இல்லை," என்றாள் உல்லா.

"அகராதி முழுக்கத் தேடிவிட்டேன்."

"நானும் தேடியிருக்கிறேன். வேறு கேள்வி?"

உல்லா அவரைவிட வயதில் இளையவள். தொலைக்காட்சியில் ஓடும் ஆங்கிலப் படங்களுக்கு அடியில் டேனிஷ் வரிகள் எழுதுவது அவள் பிழைப்பு. ஒருவன் திரையில் எவ்வளவு பேசினாலும் கீழே இரண்டு வரிதான். அதற்குள் அடக்க வேண்டும்.

சூசைப்பிள்ளை போருக்குத் தப்பி, மனைவியோடு குருநகரிலிருந்து டென்மார்க்குக்கு வந்தவர். பகலில் மீன் தொழிற்சாலையில் வேலை. ஆங்கிலம் கொஞ்சம் பள்ளிக்கூடத்தில் படித்தது, மிச்சம் பழைய பத்திரிகைகளை வைத்துக்கொண்டு தானாகப் படித்தது. அந்த ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டே டேனிஷுக்கும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நம்பினார். நூலகத்தில் உல்லாவைச் சந்தித்தது அவருடைய அதிர்ஷ்டம். அவள் அவரைப் படிக்கத் தன் வீட்டுக்கு வரச்சொன்னாள். வந்துகொண்டிருந்தார்.

"ப்ளீஸ் இல்லாமல் ஒருவரிடம் ஒன்றை எப்படிக் கேட்பது?"

உல்லா எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டினாள்.

சூசைப்பிள்ளை அந்தக் கையைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். தன் பக்கம் உருண்டு கிடந்த அழிறப்பரை எடுத்து வைத்தார்.

அவள் ஒரு சொல்லை அழித்தாள். "நன்றி," என்றாள்.

அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை."

"அப்படியா?" என்றாள் உல்லா.

*

அன்று மாலை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பிலோமினாவுக்கு வயிற்றில் புற்று. இனிமேல் வலியைத்தான் குறைக்கலாம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அவளுக்குத் தமிழ் மட்டுந்தான். தாகம், நோவு, சன்னலைத் திற, சன்னலைச் சாத்து, எல்லாம் அவருடைய வாய் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். அதனால்தான் அவர் அப்படி விழுந்து விழுந்து படித்தார்.

"இண்டைக்கு என்ன படிச்சனீங்கள்?"

"மழை அடிச்சு ஊத்தினா, இங்கிலீசுக்காரன் நாயும் பூனையும் விழுகுது எண்டு சொல்லுவான்."

"சரி."

"இவங்கள் செருப்புத் தைக்கிற பெடியள் விழுகிறாங்கள் எண்டு சொல்லுவாங்கள்."

"ஐயோ பாவம்," என்றாள் பிலோமினா. "ஆரின்ர பிள்ளையளோ."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரித்தால் நோகும். ஆனாலும் சிரித்தாள்.

"வேற?"

"பயப்பிட ஒண்டுமில்லை எண்டதுக்கு, உறைஞ்ச குளத்தில மாடு ஒண்டும் நிக்கேல்லை எண்டு சொல்லுறாங்கள்."

"அது நல்ல சனம் சொல்லுற கதை. மாட்டைப் பற்றி யோசிக்குதுகள்."

*

லிஸ்பெத் என்ற தாதி காலையில் வருவாள். சைக்கிளில், கடற்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வருகிறவள்.

சூசைப்பிள்ளைக்கு வேலை இல்லாத ஒருநாள், அவள் வந்ததும் வராததுமாக நாடி பார்க்கப் பிலோமினாவின் கையைப் பிடித்தாள்.

"அம்மாடி," என்றாள் பிலோமினா. "பிள்ளையின்ர கை ஐஸ்கட்டி மாதிரிக் கிடக்கு. கொண்டா இஞ்ச."

சொல்லிக்கொண்டே போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள்.

லிஸ்பெத் சூசைப்பிள்ளையைப் பார்த்தாள். "என்ன சொல்கிறா?"

சூசைப்பிள்ளை எழுந்து நின்றார். மனைவி சொன்னது அப்படியே சொல்லக்கூடியதா? ஒரு தாதியிடம் 'கொண்டா' என்பதா? முதலில் அதை நல்ல ஆங்கிலத்தில் அமைத்தார். பிறகு ஆங்கிலத்திலிருந்து சொல் சொல்லாக டேனிஷுக்கு இறக்கினார். அந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். அவருக்கு அது வாயில் வரவில்லை. அகராதியின் ஒரு மூலையிலிருந்து 'தாங்கள்' ஒன்றைத் தேடி வைத்திருந்தார். அந்த நாட்டில் அதை மகாராணியிடம் மட்டுந்தான் சொல்வார்கள்.

"தங்கள் கைகள் குளிர்ந்திருப்பதாக என் மனைவி தெரிவிக்கிறார். தங்களுக்குப் பெரிய சிரமம் இல்லையென்றால், தயவுகூர்ந்து அவற்றைச் சூடாக்கிக்கொள்ள முடியுமானால், அவர் மிகவும் நன்றியுடையவராக இருப்பார்."

அதுவரை அவ்வளவு அழகாக அவர் டேனிஷ் பேசியதே இல்லை.

லிஸ்பெத்தின் முகம் சிவந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

"மன்னிக்கவும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கையுறை போட்டிருந்தாள்.

பிலோமினா இன்னும் போர்வையைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள்.

*

அதற்குப் பிறகு லிஸ்பெத் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கையுறையோடு வந்தாள். செய்யவேண்டியதைச் செய்தாள். போனாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் பிலோமினா. "அந்தப் பிள்ளை ஏன் இப்ப என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை?"

"வேலை கூடவாக்கும்."

"நான் ஏதும் பிழையாச் சொன்னனோ?"

"நீர் ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நல்ல மரியாதையாத்தானப்பா சொன்னன்."

"மரியாதையாவோ?" பிலோமினா கண்ணை மூடிக்கொண்டாள். "அதுதான் சங்கதி."

பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"எனக்கு இனிக் கனநாள் இல்லை. நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு என்னைத் தூக்கிறதும் துடைக்கிறதும் அந்தப் பிள்ளைதான். அது என்னோட மனஸ்தாபத்தில இருக்க நான் போகமாட்டன். இதை நீங்கள் சரிப்பண்ணித் தாருங்கோ."

கலியாணம் கட்டிய நாள்முதல் அவள் அவரிடம் எதையும் சரிப்பண்ணித் தரச் சொன்னதில்லை. ஓட்டை, உடைசல், அயல்வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் அவள்தான் சரிப்பண்ணுவாள்.

*

"அந்த வசனத்தை எனக்குச் சொல்," என்றாள் உல்லா.

சூசைப்பிள்ளை சொன்னார். 'தாங்கள்' உட்பட.

உல்லா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"என்னிடம் யாராவது அப்படிப் பேசினால் நான் வழக்கறிஞரைக் கூப்பிடுவேன்."

"ஏன்? அதில் ஒரு கெட்ட சொல்லும் இல்லையே."

"ஒன்றுகூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இங்கே இவ்வளவு மரியாதை வருகிறதென்றால், ஆள் உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்."

சூசைப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியான வசனத்தைத் தாருங்கள். மனப்பாடம் பண்ணுகிறேன். நேரம் இல்லை உல்லா. அவளுக்கு நேரம் இல்லை."

உல்லா வீடியோப் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஆங்கிலப் படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டினாள். சத்தத்தை முழுவதும் குறைத்தாள்.

திரையில் ஒரு குசினி. ஒரு பெண் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள். வாசலில் நனைந்த ஓவர்கோட்டுடன் ஓர் ஆண். பெண்ணின் வாய் அசைகிறது. அசைந்துகொண்டே இருக்கிறது.

"என்ன சொல்கிறாள்?" என்றாள் உல்லா.

"சத்தம் இல்லையே."

"என்ன சொல்கிறாள்?"

பெண்ணின் இரண்டு கையிலும் வேலை. காலால் ஒரு நாற்காலியை மேசைக்கடியிலிருந்து வெளியே தள்ளினாள்.

"உட்காரச் சொல்கிறாள்," என்றார் சூசைப்பிள்ளை.

உல்லா திரும்பவும் அதே இடத்தை ஓட்டினாள், இந்தமுறை சத்தத்தோடு. வெகு தூரம் நடந்து வந்திருப்பீர்கள், இப்படி நிற்கவைத்ததற்கு மன்னிக்க வேண்டும், ஆட்சேபணை இல்லையென்றால் தயவுசெய்து சற்று அமரலாமே, எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். அருமையான ஆங்கிலம். சூசைப்பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

உல்லா தன் தாளை அவர் பக்கம் திருப்பினாள். அதில் ஒரே ஒரு சொல் இருந்தது.

'உட்கார்.'

"மிச்சம் எங்கே?" என்று கேட்டார்.

உல்லா திரையில் இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

சூசைப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நனைந்த ஓவர்கோட்டுக்காரன் அதில் உட்கார்ந்தான்.

"உன் மனைவி அந்தத் தாதியிடம் பேசியபோது," என்றாள் உல்லா, "அவளுடைய கை என்ன செய்துகொண்டிருந்தது?"

அவர் இல்லாத ஒரு போர்வையின் ஓரத்தைத் தூக்குவதுபோல் கையை உயர்த்தினார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

உல்லா ஏற்கெனவே அடுத்த வரிக்குப் போயிருந்தாள்.

*

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே ஆஸ்பத்திரியில் இருந்தார்.

லிஸ்பெத் கதவைத் தட்டினாள். கையுறையோடு வந்தாள்.

"பிலோ," என்றார் சூசைப்பிள்ளை. "அண்டைக்குப் பிள்ளையின்ர கையைப் பற்றிச் சொன்னீரே. இன்னொருக்காச் சொல்லும்."

"இப்ப என்னத்துக்கு?"

"சொல்லுமன்."

பிலோமினா தாதியைப் பார்த்தாள். கையுறையைப் பார்த்தாள்.

"உதைக் கழட்டு முதல்ல. றப்பருக்குள்ள கை இன்னும் குளிரும். கொண்டா இஞ்ச."

போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள்.

லிஸ்பெத் சூசைப்பிள்ளையைப் பார்த்தாள். இன்னொரு நீண்ட வசனத்துக்குத் தயாராக நிற்பவள்போல் நின்றாள்.

அவர் தலைக்குள் ஆங்கிலம் ஓடி வந்தது. நல்ல நல்ல வசனங்கள், கழுத்துப்பட்டி கட்டி, வரிசையாக. அவர் அவற்றைப் போகவிட்டார்.

"கழற்று," என்றார் டேனிஷில். "கை குளிரும். கொண்டுவா."

மிச்சத்துக்காக லிஸ்பெத் அவர் வாயையே பார்த்தாள்.

"வேறு?" என்றாள் லிஸ்பெத்.

"வேறு ஒன்றும் இல்லை."

"அன்றைக்கும் அவ இதைத்தான் சொன்னாவா?"

"இதைத்தான்."

"அப்போ அந்தப் பெரிய பேச்சு?"

"அது என்னுடையது," என்றார் சூசைப்பிள்ளை.

லிஸ்பெத் ஒரு கையுறையைக் கழற்றினாள். மற்றதையும் கழற்றினாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் போர்வைக்கு அடியில் வைத்தாள். பிலோமினா அவற்றைப் பொத்திப் பிடித்தாள்.

"பார், எலும்புதான் கிடக்கு. ஒழுங்காச் சாப்பிடுறேல்லைப் போல."

லிஸ்பெத் டேனிஷில் ஏதோ சொன்னாள். வரும் வழியில் காற்று, சைக்கிளின் சங்கிலி கழன்றது, நல்ல கையுறை ஒன்றை எங்கேயோ தொலைத்தது. சட்டைப்பையில் மிஞ்சியிருந்த ஒற்றைக் கையுறையைத் தாடையால் காட்டினாள்.

"ஓமோம்," என்றாள் பிலோமினா. "அப்பிடித்தான். ஒண்டு துலைஞ்சா மற்றதையும் போடேலாது."

சூசைப்பிள்ளை மொழிபெயர்க்க வாயைத் திறந்தார்.

இருவரும் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் வாயை மூடிக்கொண்டார். சன்னலருகே போய் நின்றார். துறைமுகத்திலிருந்து ஒரு படகு புறப்பட்டுக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் டேனிஷும் தமிழும் மாறிமாறிக் கேட்டன. என்ன சொன்னார்களென்று அவர் காதுகொடுக்கவில்லை; பிலோமினா சிரித்தாள். நோகிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அவர் திரும்பிப் பார்த்தார்.

போதும் ஆண்டவரே என்று நினைத்துக்கொண்டார். இதுவே நிறைய.

*

அன்று இரவு வீட்டுத் தொலைபேசி அடித்தது. லிஸ்பெத். அது அவளுடைய வேலை நேரமே இல்லை.

"வா," என்றாள்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தார். அதைவிட அன்பாக அந்தச் செய்தியை வேறு எந்தப் பாஷையிலும் யாரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது.

அவர் போய்ச் சேர்ந்தபோது பிலோமினாவின் தலை வாரியிருந்தது. சன்னல் திறந்திருந்தது. இறந்தவருக்காகச் சன்னலைத் திறந்துவைப்பது அந்த ஊர்த் தாதிகளின் வழக்கம்.

*

அந்த ஊர்த் தேவாலயத் தோட்டத்திலேயே அவளை அடக்கினார்கள்.

அடுத்த கார்த்திகையில், மரித்தோர் திருநாளன்று, சூசைப்பிள்ளை மெழுகுதிரியோடு போனார். உல்லாவும் கூட நடந்து வந்தாள்.

கல்லறையை யாரோ மூடியிருந்தார்கள். நத்தார்ப் பண்டிகை மரத்து ஊசியிலைக் கொப்புகள், பச்சையாக, வாசத்தோடு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"இது என்ன?"

"பனி தொடங்குமுன் இங்கே இப்படிச் செய்வார்கள்," என்றாள் உல்லா. "நிலம் உறையாமல் இருக்க."

"நான் யாரிடமும் கேட்கவில்லையே."

"இல்லை," என்றாள் உல்லா.

"யார் செய்தது? யாருக்கு நன்றி சொல்வது?"

உல்லா குனிந்து, காற்றில் விலகியிருந்த ஒரு கொப்பை இழுத்துச் சரியாக வைத்தாள்.

சூசைப்பிள்ளை முழங்காலிட்டு மற்றப் பக்கத்தைச் சரிப்பண்ணத் தொடங்கினார்.

கொப்புகள் கல்லின் அடிவரைக்கும் நெருக்கமாகக் கிடந்தன. பனி முடிந்து பங்குனியில்தான் அவற்றை எடுப்பார்கள்.