அனுமதி இல்லை என்று சொல்லாத சபை

வெகு காலத்துக்கு முன்னால் மருதவேலி நாட்டைக் கோமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது என்று கேட்காதீர்கள். ராஜாவுக்கு ஆசை வந்தால் எந்தக் காலத்திலும் எதுவும் வந்துசேரும். அரண்மனையில் துறைக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எல்லாவற்றிலும் லினக்ஸ்தான். காசு கேட்காத இயங்குதளம் என்பதால் ராஜாவுக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

ஒருநாள் ராஜா சொன்னான்: "இத்தனை இயந்திரம் எதற்கு? ஒரே பெரிய இயந்திரம் போதும். அதற்குள் எல்லாத் துறைக்கும் அறை பிரித்துக் கொடுங்கள். காலியாகும் இடத்தில் எனக்கு மயில் வளர்க்க வேண்டும்."

அன்று மாலையே ஆதுலர்சாலைத் தலைமை மருத்துவர் மாதேவி, அமைச்சர் அறவாணரைத் தேடி வந்தாள். "ஐயா, யாருக்கு எந்த மருந்து, எத்தனை வேளை என்பதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. பக்கத்து அறைக்காரர் செய்யும் கூத்தில் எங்கள் அறை விழுந்தால் ஆட்கள் செத்துப்போவார்கள். நல்ல சுவராக வாங்கிக் கொடுங்கள்."

"பார்த்துக்கொள்கிறேன் அம்மா" என்றார் அமைச்சர்.

மறுநாள் எப்படி அறை பிரிப்பது என்று பேச்சு வந்ததும், சபைப் பிரமுகர் பஞ்சவராயர் முந்திக்கொண்டார். அமைச்சரின் நாற்காலி மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "பிரபு! கண்டெய்னர் போதும். மெல்லிய சுவர்தான், ஆனால் ஒரே இயந்திரத்தில் நாற்பது அறை போடலாம். கண் இமைப்பதற்குள் திறந்துவிடும்."

"அமைச்சரே, நீர்?"

"மெய்நிகர் இயந்திரம், மன்னா. கனத்த சுவர். அதே இடத்தில் பன்னிரண்டு அறைதான் வரும். திறக்கவும் நேரமாகும்."

"ஏன் நேரமாகும்?"

"ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு முழு லினக்ஸ் எழுந்திருக்க வேண்டும். தான் விருந்தாளி என்பதே அதற்குத் தெரியாது. வீடே தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும்."

"என் மைத்துனன் மாதிரி" என்றான் ராஜா. சபை சிரித்தது. மைத்துனரும் சிரித்தார், வேறு வழியில்லாமல்.

ஆளுக்கொரு இயந்திரம் கொடுக்கப்பட்டது. போட்டியில் தோற்றவருக்குத் தண்டனை என்று அறிவிப்பு வந்தது. பஞ்சவராயரின் நாற்பது அறைகள் பொரி பொரிவதுபோலத் திறந்தன. அமைச்சரின் அறைகள் திறப்பதற்குள் ராஜா வெற்றிலை போட்டு, மென்று, துப்பியும் விட்டான்.

"முடிந்தது உம் கதை" என்றான்.

"ஒரே ஒரு வேண்டுகோள், மன்னா. பஞ்சவராயர் என் இயந்திரத்தில் ஓர் அறை எடுத்துக்கொள்ளட்டும். நான் அவருடையதில் ஓர் அறை எடுத்துக்கொள்கிறேன். அவரவர் அறையில் அவரவர் இஷ்டம்போல நாசம் செய்யலாம்."

இங்கே அந்தச் சபையின் மரபு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய மனிதர் எவரிடமும் 'அனுமதி இல்லை' என்று சொல்லக் கூடாது. சொன்னவன் எல்லை தாண்ட வேண்டியதுதான். கம்ப்யூட்டரும் சொல்லக் கூடாது. அதனால் பஞ்சவராயர் தன் கண்டெய்னர்களில் ஒரு பூட்டுக்கூடப் போடாமல், உள்ளே வருகிறவருக்கு எல்லா அதிகாரமும் கொடுத்து வைத்திருந்தார். அமைச்சருக்கு அது தெரியும்.

முதலில் பஞ்சவராயர் இறங்கினார். அமைச்சர் கொடுத்த அறையில் கோப்புகளை அழித்தார். பிறகு கெர்னலையே, அதாவது இயங்குதளத்தின் உயிரையே, நிறுத்தினார். அந்த அறை இருண்டது. மற்ற பதினொன்றும் தம்பாட்டுக்கு ஓடின. அவற்றுக்கு உள்ளே தனித்தனி உயிர்.

அடுத்து அமைச்சர். "ராயரே, உங்கள் அறையிலிருந்து நானும் கெர்னலைத் தொடலாமா?"

"தாராளமாக, அமைச்சரே! தங்களுக்கு நான் இல்லை என்பேனா?"

அமைச்சர் ஒரே ஒரு வரி தட்டினார். நாற்பது அறைகளும் ஒன்றாக அணைந்தன. சுவர்தான் நாற்பது, அடியில் உயிர் ஒன்று.

"மன்னா, யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாத சபைக்குக் கனத்த சுவர்தான் கதி" என்றார்.

சபை ஆர்ப்பரித்தது. ராஜா தன் தோளிலிருந்த பொன் சரிகைப் பட்டுச் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினான். பஞ்சவராயரின் தலை மார்பில் முட்டியது.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. ராஜாக்களுக்குப் புரிவதுதான் ஆபத்து.

"இரண்டு இயந்திரமும் இருக்கட்டும். கனத்த சுவர் பன்னிரண்டும் கஜானாவுக்கு, படைக்கு, அந்தப்புரத்துக்கு, என் மைத்துனனுக்கு, இப்படி நம்மவர்களுக்கு. ஆதுலர்சாலை, ஏரி மதகு, பள்ளிக்கூடம் எல்லாம் மெல்லிய சுவரில் கிடக்கட்டும். அதைப் பஞ்சவராயர் பார்த்துக்கொள்வார். அதுதான் அவருக்குத் தண்டனை."

அமைச்சர் முன்னால் வந்தார். "மன்னா, அப்படியானால் அதில் பூட்டுகளாவது போடச் சொல்லுங்கள். பூட்டு சரியாக இருந்தால் மெல்லிய சுவரும் பெரும்பாலும் தாங்கும்."

"அப்படியா? இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை?"

அமைச்சர் தோளிலிருந்த சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"பூட்டினால் யாரிடமாவது அனுமதி இல்லை என்று சொல்ல நேருமே. என் பாட்டனார் மரபு என்னாவது?" என்று சொல்லிவிட்டு ராஜா மயில்களைப் பார்க்கப் போனான்.

வெளிவாசலில் மாதேவி நின்றிருந்தாள். "ஜெயித்துவிட்டீர்களாமே ஐயா. எங்களுக்கு எந்தச் சுவர்?"

அவர் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. பூட்டைப் பற்றியும் சொன்னார். அவள் அவர் தோளிலிருந்த பட்டுச் சால்வையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பூட்டுதான் குறை என்று உங்களுக்கு முன்னமே தெரியும். அதைச் சபையில் நேராகச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம் அம்மா" என்றார் அறவாணர். "யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள்."